பட்டிப்பூவும் பறிபோன பங்கும்

சென்ற காலபோக விதைப்புக்குச் சில நாள் முன்பு, திரியாயிலிருந்து ஒரு குடும்பத்தார் என்னைத் தேடி வந்தனர். வழக்குப் பேச வந்தவர் அல்லர். வயலை ஈடு வைக்க உறுதி எழுத வந்தவர். போர்க்காலத்தில் பாழ்பட்டுக் காடேறிக் கிடந்து, ஊர் திரும்பிய பின் பற்றை வெட்டிப் பாடுபட்டு மீட்ட வயல் அது. அதனை ஏன் ஈடு வைக்கிறீர்கள் என்று வினவினேன். குடும்பத் தலைவருக்கு மூளையிலே கட்டி என்று படம் பிடித்துச் சொல்லிவிட்டார்கள். தலையைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் தலையைத் திறவாமலே கசாயத்தால் கட்டியைக் கரைத்துத் தருவதாக ஒருவர் வாக்களித்திருக்கிறார். அவருக்குக் கொடுப்பதற்கே இந்தப் பணம் என்றனர்.

கசாயத்தில் என்ன சேர்கிறது என்று கேட்டேன். நோயாளியின் தமையனார் சொன்னார்: "பட்டிப்பூவும் வேறை சில மூலிகையும் ஐயா. இங்கிலீசு மருந்தே அதிலையிருந்துதானாம் எடுக்கிறாங்கள்."

அந்த உறுதியை நான் எழுதவில்லை. நோயாளியை மீண்டும் வைத்தியரிடம் கொண்டுசெல்லும்படி வற்புறுத்தி அனுப்பினேன். ஆயினும் தமையனார் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. அது முழுப் பொய்யாயின் மறுத்துவிட்டு மறந்திருக்கலாம். பாதி மெய்யாக இருப்பதே அதன் ஆபத்து. அந்தப் பாதி மெய்யைக் காட்டி ஒருவன் ஏழையின் வயலைக் கவர்கிறான். அதே பாதி மெய்யைக் கொண்டு அந்நியக் கம்பனிகள் ஆக்கவுரிமை பெற்றுப் பொருள் குவிக்கின்றன. இரண்டையும் கண்டும் காணாததுபோல் அரசாங்கம் வாளாவிருக்கிறது. ஆகவே மெய் எதுவரை, பொய் எங்கிருந்து என்பதைக் கமக்காரரும் கற்றோரும் ஒருசேர அறிந்துகொள்ளுதல் இன்று அவசியமாகிறது.

மெய் எதுவரை?

பட்டிப்பூவை அறியாதவர் நம்முள் எவருமிலர். தமிழ்நாட்டார் நித்தியகல்யாணி என்பர். உப்புவெளி தொடக்கம் புல்மோட்டை வரை, கோயில் வீதியிலும் வேலியோரத்திலும் சுடலை மணலிலும், நீர் ஊற்றுவார் இன்றியே பூத்துக் கிடக்கும் செடி அது. ஆடு மாடுகளும் அதனைக் கடிப்பதில்லை.

1952 ஆம் ஆண்டில் ஜமெய்க்காவிலிருந்து இதன் இலைகள் சில கனடாவுக்கு அனுப்பப்பட்டன. நீரிழிவுக்கு அங்குள்ள மக்கள் அந்த இலையை அவித்துக் குடித்துவந்தனர். மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைச் சோதித்தார். குருதியில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசிவழி ஏற்றிய பிராணிகளின் வெண்குருதிக் கலங்கள் சரிந்து வீழ்ந்தன. வேறொருவராயின் சோதனை தோற்றது என்று கைவிட்டிருப்பார். கட்டுமீறிப் பெருகும் கலங்களையும் இது வீழ்த்தக்கூடுமே என்று அவர் எண்ணினார். அவருடன் உழைத்த சாள்ஸ் பியர் அந்தச் சாற்றிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அம்முடிவு 1958 இல் வெளியாயிற்று. அதே செடியை அமெரிக்காவின் எலி லில்லிக் கம்பனியும் தனியே ஆராய்ந்தது. அங்கே பிரிக்கப்பட்ட வின்கிறிஸ்ரின் என்னும் உடன்பிறப்பு 1963 இல் அந்நாட்டில் மருந்தாக அனுமதி பெற்றது. கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே அமையும் நுண்ணிய இழைகளைக் கட்டவிடாமல் தடுப்பதே இவற்றின் தொழில்.

மூளைக்கட்டிக்கும் இது பயன்பட்டதா? பட்டது. சிறு பிள்ளைகளுக்கு வரும் மெதுவாக வளரும் மூளைக்கட்டிகளிலும், சிறுமூளையில் தோன்றும் ஒருவகைக் கட்டியிலும் வின்கிறிஸ்ரின் பிற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டுவருகிறது. வளர்ந்தோரில், மெதுவாக வளரும் கட்டியுடையோர் 251 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பெற்ற ஒரு சோதனையின் நீண்டகால முடிவு 2016 இல் வெளியிடப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 7.8 ஆண்டு. கதிருடன் வின்கிறிஸ்ரின் உள்ளிட்ட மூன்று மருந்துகளும் பெற்றோர்க்கு அது 13.3 ஆண்டு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஆயுள் என்பது ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை கூட இருந்து பார்க்கும் காலம். அதனை அற்பம் என்பார் யார்?

எனவே இலைக்குள் மருந்து உண்டு என்பது மெய்.

பொய் எங்கிருந்து?

இலையே மருந்து என்று சொல்லும் இடத்திலிருந்து பொய் தொடங்குகிறது.

வின்கிறிஸ்ரின் ஒரு கிராம் பெறுவதற்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். மருந்தாக ஏற்றப்படுவதோ ஓரிரு மில்லிகிராம். அளவு சற்று மிகுந்தால் நரம்புகள் சிதையும். நாளத்தில் ஏற்றவேண்டிய ஊசியைத் தவறி முள்ளந்தண்டின் நீரில் ஏற்றினால் உயிரே போகும். இத்தகைய நஞ்சை அளவறியாது, தரமறியாது, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டு அவித்துக் கொடுப்பதற்கு வைத்தியம் என்று பெயரோ? அவித்த நீரில் மருந்துப் பொருள் எத்துணை, அதில் வயிற்றைக் கடந்து குருதியை அடைவது எத்துணை என்று கசாயக்காரர் சொல்வாரா?

குருதியை அடைந்தாலும் போதாது. குருதியிலுள்ள பெரும்பாலான பொருள்கள் மூளைக்குள் புகாதபடி இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர், படலையைச் சாத்திய வீடு போன்றது. வின்கிறிஸ்ரின்கூட இந்தக் காவலை எளிதில் கடப்பதில்லை. அதனால் மேற்சொன்ன மூன்று மருந்துகளுள் அதன் பங்கு எத்துணை என்று வைத்தியரிடையே இன்றும் வாதம் உண்டு. மற்றைய இரண்டும் செடியில் பிறந்தவை அல்ல, இரசாயன சாலையில் ஆக்கப்பட்டவை என்பதையும் மறைத்தல் ஆகாது. மூளைக்கட்டிகளுள் மிகக் கொடிய வகைக்கு 2005 இல் வழிவகுத்த ரெமொசோலமைட் என்னும் மருந்தும் செடியிலிருந்து வந்ததன்று. கதிருடன் அதனைச் சேர்த்தபோதும் இடைநிலை வாழ்காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகவே உயர்ந்தது. அந்தக் கொடிய வகையை மூலிகை எதுவும் குணமாக்கியதாக இதுவரை நிறுவப்படவில்லை.

மஞ்சளின் சத்து கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த மூளைக்கட்டிக் கலங்களைக் கொல்கிறது. ஆனால் உண்ட மஞ்சளின் சத்து உடலில் மிகச் சிறிதே சேர்கிறது. பாத்திரத்தில் வென்றது மனிதனில் வெல்லும் என்பது தீர்ப்புக்கு முன்னரே பெறும் தீர்ப்பு. மறுபுறம், பறங்கிச் சாம்பிராணி தரும் மரத்தின் பிசினை ஜேர்மனியில் முறைப்படி சோதித்தார்கள். கதிர்ச்சிகிச்சை பெற்ற மூளைக்கட்டி நோயாளர் 44 பேரில், மூளையில் நீர்கோத்த வீக்கம் அப்பிசின் உண்டோரிடம் கூடுதலாகத் தணிந்தது என 2011 இல் வெளியிட்டார்கள். கட்டி கரைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. வீக்கம் தணிந்தது என்றார்கள். கண்டதைக் கண்ட அளவில் சொல்லும் அந்த நேர்மையே விஞ்ஞானம்.

நமது முன்னோர் மருத்துவத்தை நான் இகழ்கிறேன் என்று எவரும் கொள்ளவேண்டாம். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூலான பரராசசேகரத்திலே தலைநோய்களை வகுத்துரைக்கும் தனிப் பகுதி உண்டு. அந்நூல் செய்தோர் நோயை வகுத்த பின்னரே மருந்தை வகுத்தனர். நாடி பாராமல், நோய் இன்னதென்று அறியாமல், எல்லாக் கட்டிக்கும் ஒரே போத்தலை நீட்டுவோர் அந்த மரபின் வாரிசுகள் அல்லர். அதன் பெயரை விற்போர்.

இந்த நோய் கிராமத்து ஏழைகளை மட்டும் பிடித்ததன்று. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு ஒரு பாணி கண்டதாகச் செய்தி எழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாக அருந்திக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. சுகாதாரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் சோதிக்காத பாணியைக் குடித்துக் காட்டிய நாட்டில், திரியாய்க் கமக்காரன் கசாயத்தை நம்பியது குற்றமோ?

பங்கு எங்கே?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பட்டிப்பூவின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அந்த மருந்தினால் அந்நியக் கம்பனிகள் ஈட்டிய பொருளில் மடகாஸ்கருக்குப் பங்கு இல்லை. இலையை அவித்துக் குடித்து வழிகாட்டிய ஜமெய்க்காவின் ஏழைக்கும் பங்கு இல்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் கமக்காரர் இதனைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் உலர்த்திக் கிலோக் கணக்கில் விற்கின்றனர். இலைக்குக் கிலோ விலை. மருந்துக்கு மில்லிகிராம் விலை. இந்த இடைவெளியில் ஆராய்ச்சியின் கூலி நியாயமாகவே உண்டு. ஆனால் முழுவதும் ஆராய்ச்சியின் கூலியோ?

அந்தக் கிலோ விலையும் எத்தனை நாளுக்கு? பாண் பொங்கச் செய்யும் மதுவத்தின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்ரினுக்கு வேண்டிய இரு முன்பொருள்களையும் அதனுள்ளேயே உண்டாக்கி, பின்பு அவற்றை இணைத்து மருந்தாக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் 2022 இல் காட்டிவிட்டனர். நோயாளிக்கு இது நல்ல செய்தி. 2019 இல் ஒரு கம்பனி உற்பத்தியை நிறுத்தியதும் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்ரினுக்குத் தட்டுப்பாடு வந்ததே! ஆனால் இலை விற்கும் கமக்காரன், நாளை இலையும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்கக் காத்திருக்கிறான்.

திரியாயாருக்கு இது விளங்காத கதையன்று. அடுத்த ஊராகிய புல்மோட்டையில் கடற்கரைக் கனிய மணலை அள்ளுவதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் 1957 இல் தோன்றியது. மணல் மணலாகவே கப்பலேறுகிறது. அந்த மணல் வகையிலிருந்து வெண்ணிறப் பூச்சு செய்யும் ஆலைகள் அந்நிய நாடுகளில் இயங்குகின்றன. நாம் அந்தப் பூச்சை விலைகொடுத்து வாங்கிச் சுவருக்குப் பூசுகிறோம். மண்ணுக்கு நேர்ந்தது மரத்துக்கும் செடிக்கும் நேராமலிருக்க வேண்டுமானால் இப்போதே விழித்தல் வேண்டும்.

"பட்டிப்பூ மடகாஸ்கரினது என்று நீரே ஒப்புக்கொண்டீர். அப்படியாயின் உமக்கு ஏது உரிமை?" என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. பட்டிப்பூவில் நாம் பங்கு கேட்கவில்லை. சட்டம் பயின்றவன் அதனை முன்தீர்ப்பாக எடுத்துக் காட்டுகிறான். நாளை நமது காட்டின் ஒரு பட்டையோ வேரோ மருந்தானால், இதே தீர்ப்பு நம் தலைமீது விழும். செடியை ஆக்கவுரிமை கொள்ள இயலாது என்று 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கூறுவது மெய். ஆனால் செடியிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் புதிய செய்முறைக்கு அந்தத் தடை இல்லை. வாசலைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைத்தாற்போன்றது இது.

எதிரிடையான முன்தீர்ப்புகளும் உள. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995 இல் ஆக்கவுரிமை கொடுத்தார்கள். இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து எதிர்த்து 1997 இல் அதனை நீக்குவித்தது. எழுதி வைத்த ஏடு இருந்தபடியால் வென்றார்கள். வாய்ச்சொல் மட்டும் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? கேரளத்து அகத்தியர் மலையில் வாழும் காணி மக்கள், களைப்புத் தீர உண்ணும் ஒரு செடியை 1987 இல் ஆராய்ச்சியாளருக்குக் காட்டினர். அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து பிறந்தது. பத்து இலட்சம் ரூபா உரிமக் கட்டணமும் விற்பனையில் நூற்றுக்கு 2 வீதமும் பெற்று, அதில் பாதியைக் காணி மக்களுக்கு வழங்க ஆராய்ச்சி நிலையம் உடன்பட்டது. 1997 இல் அம்மக்களின் பெயரில் நிதியமும் பதிவாயிற்று. அந்தச் செடியின் தாவரவியற் பெயரிலே இலங்கையின் பெயர் இருக்கிறது. நமது தீவிலும் அது வளர்கிறது. ஆயினும் பங்கு பெற்றவர்கள் காணிகள். பங்கைக் கேட்க ஒரு நிறுவனமும் அதனை ஏற்க ஒரு நிதியமும் அவர்களுக்கு இருந்தன. அங்கும் காட்டிலாகா அந்தச் செடியைக் காணிகள் பயிரிட இடையூறு செய்தது என்பதைத் திரியாயார் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது?

உயிரினப் பல்வகைமைச் சமவாயத்தை இலங்கை 1994 இல் ஏற்றது. மரபறிவை உடைய மக்களுக்கு அதன் பயனில் நியாயமான பங்கு வேண்டும் என்பது அச்சமவாயத்தின் குறிக்கோள்களுள் ஒன்று. முப்பதாண்டு கடந்தது. திரியாயிலோ தென்னமரவடியிலோ ஒரு பரிகாரியாரின் படலையைத் தட்டி, உமது ஏட்டில் என்ன இருக்கிறது, அதனை உமது பெயரில் பதிந்துவைக்கலாமா என்று கேட்ட உத்தியோகத்தர் ஒருவரையேனும் காட்டுங்கள்!

கணக்கெடுக்க இந்த அரசாங்கங்களுக்குத் தெரியாதோ? நன்றாகத் தெரியும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள்களைக் கணக்கெடுக்கப் பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. அமைந்தபோது அதில் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இல்லை. கல்லை எண்ணுவதற்குச் செயலணி. காட்டு மூலிகையை எண்ணுவதற்கு எவருமில்லை. மலையின் எல்லையை அளப்பதற்கு நூலுண்டு. மலையடியில் வாழ்பவனின் நோயை அளப்பதற்கு நூலில்லை.

ஆயுதம் இல்லை என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. திருகோணமலையிலிருந்து திரியாய்க்கு வரும் வீதியிலே, நிலாவெளிக் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. பிரயோக விஞ்ஞானமும் அதே வளாகத்தில் கற்பிக்கப்படுகிறது. ஏட்டை வாசிக்கத் தெரிந்தவரும் சாற்றைப் பிரிக்கத் தெரிந்தவரும் ஒரு மதிலுக்குள் இருக்கின்றனர். அவர்களை ஒரே மேசையில் அமர்த்திப் பணமும் கருவியும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமையன்றோ?

கசாயக்காரர் வெல்வதற்குக் காரணம் நமது மக்களின் அறியாமை என்று பட்டணத்துக் கற்றோர் இலகுவாகச் சொல்லிவிடுவர். என்னிடம் வந்த தமையனார் அறியாதவர் அல்லர். அவர் கணக்குப் பார்த்தவர். மகரகமைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். போக்குவரத்துக் கூலி, தங்குமிடம், கூட நிற்பவரின் உழைப்பிழப்பு, விதைப்பு நாளில் வெறுமையாகக் கிடக்கும் வயல், பழக்கமில்லாத ஊர். கசாயக்காரரோ வீட்டுப் படலைக்கே வருகிறார், தமிழிலே பேசுகிறார், நம்பிக்கை தருகிறார். 2022 நெருக்கடியில் இந்நாட்டில் புற்றுநோய் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்ததை அவர் மறக்கவில்லை. அரசாங்கம் விட்டுவைத்த வெற்றிடத்திலேதான் போலி வைத்தியன் கடை விரிக்கிறான்.

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் நான்கு. முதலாவது, புற்றுநோயைக் குணமாக்குவதாகச் சோதனைச் சான்றின்றி எதனையும் விற்போர்மீது வழக்குத் தொடர்தல் வேண்டும். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் புத்தகத்தில் உறங்குவதற்கு இயற்றப்படவில்லை. பதிவுபெற்ற நமது பரிகாரிமாரே இதனை முதலில் கேட்கவேண்டும். போலியால் மானம் இழப்பவர் அவர்களே.

இரண்டாவது, திருகோணமலை மாவட்டத்தின் மூலிகைகளையும் ஏடுகளையும் கைமுறைகளையும் அவற்றை உடைய ஊரின் பெயரில் பதிவுசெய்து, அவற்றை எடுத்தாள்வோர் ஊரின் சம்மதம் பெறவும் பங்கு கொடுக்கவும் சட்டம் வேண்டும். மரபுவளத்தின் பிறப்பிடத்தை ஆக்கவுரிமை விண்ணப்பத்தில் வெளிப்படுத்தவேண்டும் என்னும் உலக உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் நிறைவேறியது. பிறப்பிடத்தை எழுதக் கேட்கும் காலம் வருகிறது. அந்த இடத்தில் எழுதுவதற்குப் பதிவில் நமது ஊரின் பெயர் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கோணேசபுரி வளாகத்தில் மூலிகைப் பொருள்களைப் பிரித்துச் சோதிக்கும் ஆய்வுகூடம். பயன்படும் மூலிகையைப் பயன்படும் என்றும், பயன்படாததைப் பயன்படாது என்றும் துணிந்து எழுதும் ஆய்வுகூடம் அதுவாக இருக்கவேண்டும்.

நான்காவது, கட்டி என்று ஐயம் தோன்றிய நாளிலிருந்து சத்திரசிகிச்சையும் கதிரும் மருந்தும் முடியும் வரை, நோயாளியும் உடன் செல்பவரும் போய்வரவும் தங்கவும் அரசாங்கச் செலவில் ஏற்பாடு. இதற்குப் புது விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், மனம் வேண்டும்.

கமக்காரருக்கு ஒரு சொல். விடியற்காலையில் மிகும் தலைவலி, காரணமற்ற வாந்தி, முன்பில்லாத வலிப்பு, கைகால் தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவை கண்டால் கசாயத்துக்கு நாள் பார்க்காதீர், வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். வைத்தியரிடம் நீர் உண்ட மூலிகை எதனையும் மறையாதீர். எவருக்காகவும் எந்தப் போத்தலுக்காகவும் வயலை ஈடு வையாதீர்.

அந்தக் குடும்பத்தின் வயல் ஈடு போகவில்லை. நோயாளி சத்திரசிகிச்சைக்குச் சென்றார். கட்டியின் துண்டைச் சோதித்து அது எவ்வகையென்று வைத்தியர் கண்ட பின்னரே எந்த மருந்து என்ற பேச்சு எழுந்தது. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே கைக்காசைக் கொடுத்துக் கசாயத்தில் இரண்டு மாதம் கழித்திருந்தார்கள். வயலை ஈட்டிலிருந்து மீட்கச் சட்டத்தில் வழியுண்டு. அந்த இரண்டு மாதத்தை மீட்டுத்தர எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.